நிற்க வைத்த ஞானராஜ் சார்

ஒரகடம் கூட்ரோட்டு டீக்கடையில் எனக்குத் தகவல் வந்தது. காலை ஷிப்ட் பஸ்ஸுக்காக மூன்று பேர் காத்திருந்தார்கள். மூன்று பேரும் ஞானராஜ் சாரிடம் இங்கிலீஷ் படித்தவர்கள். ஒருவன் இப்போது சூப்பர்வைசர், பாதித் தலை நரைத்துவிட்டது. அவன்தான் போனைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பி, "பெருசு, ஞானராஜ் சார் பூட்டாராம்" என்றான். பக்கத்தில் நின்றவன் டீ கிளாஸைப் பலகைமேல் வைத்துவிட்டு இங்கிலீஷில் சொன்னான்: "ஐ அம் நாட் பிலீவிங்."

சொன்ன மறுநொடி மூன்று பேரும் பின்னால் திரும்பிப் பார்த்தார்கள், சார் நின்று கேட்டுவிட்டாரோ என்று. என் வாயும் சும்மா இருக்கவில்லை. "ஐ டோன்ட் பிலீவ்" என்று திருத்தினேன். பழக்கம். நாலு பேரும் சிரித்துவிட்டோம். அதற்குள் பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார்கள். எனக்குத் தெரிந்து சாருக்குக் கிடைத்த முதல் அஞ்சலி அந்தச் சிரிப்புதான்.

முப்பதாம் நாள் ஜெபத்துக்குப் பழைய மாணவர்கள் சேர்ந்து ஒரு சின்னப் புத்தகம் போடுகிறார்கள். பதினோரு வருஷம் அவர் வாசலில் உட்கார்ந்திருந்தவன் நான், அதனால் என்னையும் ரெண்டு பக்கம் சொல்லச் சொன்னார்கள். எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுத்துத் தமிழாக ஆக்கி எழுதுகிறாள். ஏற்கெனவே ஒருமுறை பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "செத்தவரைப் பத்தி இப்படியா மாமா எழுதுவாங்க" என்று கேட்டாள். இதைப் படிக்கப் போகிறவர்கள் அவரைத் தெரிந்தவர்கள் அம்மா, அவர்களிடம் போய்ப் பொய் சொல்ல முடியாது, எழுது என்றேன்.

ஹார்டுவேர் கடைக்கு மேலே மாடியில் அவருடைய வகுப்பு. கதவு கிடையாது, ஒரு பச்சைத் திரை. சுற்றுவட்டாரக் கம்பெனிகள் ஆட்களை அனுப்பும். முதல் ஷிப்ட் முடிந்து மூன்றரை மணிக்கு, யூனிபாரத்தோடு, எட்டு மணி நேரம் லைனில் நின்ற காலோடு வந்து உட்காருவார்கள். திரைக்கு வெளியே ஸ்டூலில் நான். வாட்ச்மேன், கூட்டுகிறவன், தண்ணீர் கேன் தூக்குகிறவன் எல்லாம் நான்தான். உள்ளே பேசுவது என் காதில் விழுந்துகொண்டே இருக்கும். பேர் எழுதத் தெரியாதவனுக்குக் கேட்டதை மறக்கவும் தெரியாது. ரெண்டு வருஷத்தில் வாயில் வந்துவிட்டது.

சாருக்கு ஒரே ஒரு எதிரி இருந்தது. அது 'இங்'. நம் ஆட்கள் பேச்சில் 'தெரிஞ்சிக்கினு கீறேன்', 'வெச்சிக்கினு கீறேன்' என்பார்கள். அதே வாயோடு இங்கிலீஷுக்குப் போனால் 'ஐ அம் நோயிங்', 'ஐ அம் ஹேவிங்' என்றுதான் வரும். தெற்கே இருந்து வந்த பிள்ளைகளுக்கும் அப்படியேதான் வந்தது. சார் சொல்லுவார்: "ஓடுறது, தூக்குறது, முடுக்குறது, இதெல்லாம் வேலை செய்யற வார்த்தை. அதுக்கு 'இங்' போடு. தெரியும், வேணும், புடிக்கும், நம்புறேன், என்கிட்ட கீது, இதெல்லாம் குந்திக்கினு இருக்கற வார்த்தை. அதை எழுப்பி ஓடவிடாத." இவ்வளவு தெளிவாக வேறு யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அத்தோடு நிறுத்தியிருந்தால் நல்ல வாத்தியார் என்று சொல்லி இந்தப் பக்கத்தை முடித்திருப்பேன்.

அவர் நிறுத்தவில்லை. "குந்தியிருக்கற வார்த்தையை எழுப்பினவன், அதுக்குப் பதிலா நீ எழுந்து நில்லு" என்பார். நின்றவன் எப்போது உட்காரலாம்? இன்னொருவன் அதே தப்பைச் செய்யும்போது. வேறு வழி கிடையாது. மன்னிப்புக் கேட்டால் உட்கார முடியாது, சரியாகச் சொல்லிக் காட்டினாலும் முடியாது. அன்றைக்கு யாரும் தப்புச் செய்யவில்லை என்றால் மறுநாள் படியேறி வந்ததும் நேராகப் போய் நிற்க வேண்டும். புத்தகம் போடுகிறவர்களே, உங்களில் நிற்காதவன் ஒருவன் இருந்தால் கை தூக்கட்டும்.

காரைக்குடிப் பக்கத்திலிருந்து வந்த ரெண்டு பேர் இருந்தார்கள். ஒரே அறை, ஒரே பாய், ஒரே தட்டில் சாப்பிடுவார்கள். ஒருவன் ரெண்டு நாளாக நின்றுகொண்டிருந்தான். மூன்றாம் நாள், பேச்சுப் பயிற்சி நேரத்தில், நின்றபடியே தன் சிநேகிதனைப் பார்த்து அன்பாகக் கேட்டான், உன் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று. அம்மாவை நினைத்தானோ என்னவோ, சிநேகிதன் முகம் மலர்ந்து, "ஐ அம் ஹேவிங் ஒன் மதர்" என்றான். கேட்டவன் அந்த நொடியே உட்கார்ந்தான். சொன்னவன் வாயைத் திறந்தபடி எழுந்தான். சாருக்கு ஒரே சந்தோஷம். "பாத்தியா கோவிந்தா, மூணே நாள்ல எப்படிக் கத்துக்கினான்" என்று திரையைத் தள்ளி என்னிடம் சொன்னார். அந்த வாரமே ரெண்டு பேரும் வேறு வேறு அறைக்குப் போய்விட்டார்கள்.

என்னையும் விட்டுவைக்கவில்லை. நானும் விட்டுவைக்கும்படி கேட்டுக்கொள்ளவில்லை. யாராவது தப்பாகச் சொன்னால் உள்ளிருந்து "கோவிந்தா" என்று குரல் வரும். நான் திரையை விலக்கிப் போய் நிற்பேன். "சொல்லு" என்பார். "ஐ நோ. ஐ ஹேவ். ஐ வான்ட்" என்று சொல்லிவிட்டுத் திரும்புவேன். "கைநாட்டு சொல்றான். நீ டிப்ளமோ. உங்கப்பன் எதுக்குடா நெலத்தை வித்தான்" என்பார். அந்த ஆள் தலை குனிந்துகொள்வான். அதைப் பார்க்க எனக்குப் பிடித்திருந்தது. ஆயுசு முழுக்க என்னை வரிசையில் பின்னால் நிறுத்தியவர்களின் பிள்ளைகள், படித்தவர்கள், என் வாயைப் பார்த்துக் கூனிப்போனார்கள். அதற்காகவே சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போக ஆரம்பித்தேன். வெளியே அவர்கள் எனக்கு 'இங்' தாத்தா என்று பேர் வைத்தார்கள். ஒருநாள் என் செருப்பில் ஒன்றைத் தூக்கிச் சாக்கடையில் போட்டார்கள். சாரிடம் சொன்னேன். எல்லாரையும் நிற்க வைத்தார்.

ஒரேயொரு தடவை அவர் தன்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். வாலிபத்தில் மறைமலை நகரில் ஒரு கம்பெனிக்கு நேர்காணலுக்குப் போனாராம். "ஐ அம் ஹேவிங் டிகிரி" என்றாராம். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவன் பக்கத்திலிருந்தவனைப் பார்த்துச் சிரித்தானாம். "அவன் சட்டைக் கலர் இன்னும் ஞாபகம் கீது" என்றார். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பாருங்கள், அவரைப் பார்த்துச் சிரித்தது ஒரு ஆள், ஒரு நாள். இவர் அதற்கு ஒரு மாடியை வாடகைக்கு எடுத்து வருஷக்கணக்கில் பதில் சிரிப்புச் சிரித்தார், சம்பந்தமே இல்லாதவர்களைப் பார்த்து.

இப்போது இசக்கியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மருமகள் வேண்டாம் என்கிறாள். இதற்காகத்தான் சொல்லவே ஒப்புக்கொண்டேன்.

நான் சேர்ந்த ஏழாவது வருஷம். காருக்குள்ளே ஓடுகிற வயரையெல்லாம் கட்டுக் கட்டாகக் கட்டிக் கொடுக்கிற கம்பெனி ஒன்று ஆறு பெண்களை அனுப்பியிருந்தது. ஆறு பேரும் கான்ட்ராக்ட். ஆறில் ஒருத்தியை லைன் லீடராக்கி நிரந்தரம் பண்ணப் போகிறார்கள், மற்றவர்களுக்கு மாதக் கடைசியோடு சரி. இசக்கி தென்காசிப் பக்கம். தங்குவது இங்கே பக்கத்தில் வல்லத்தில், லேடீஸ் ஹாஸ்டல். அவள் கை வேகத்துக்கு அந்த லைனில் ஆளே கிடையாது என்று மற்ற ஐந்து பேருமே சொல்லுவார்கள், வயிற்றெரிச்சலோடு. வாய் மட்டும் அதைவிட வேகம். 'இங்' தானாக வந்து ஒட்டிக்கொள்ளும்.

வகுப்பு ஆரம்பிக்கும் முன் என் ஸ்டூல் பக்கத்தில் நின்று பேசுவாள். ஊரில் தாய்மாமனுக்குப் பேசி வைத்திருக்கிறார்கள். அவனுடைய முதல் பெண்டாட்டி தீ வைத்துக்கொண்டு செத்தவள். நிரந்தரம் என்று ஒரு தாள் வந்தால் போதும், அப்பா வாயை அடைத்துவிடலாம் என்றாள். "தாள் மட்டும் வரட்டும் தாத்தா. அப்புறம் எவன் கூப்பிட்டாலும் ஊருப் பக்கம் தலை வெச்சுப் படுக்க மாட்டேன்."

வெளிநாட்டு மேனேஜர் நேரில் வந்து ஆறு பேரையும் பார்க்கப் போகிறார் என்று தகவல் வந்தது. ஒரு திங்கட்கிழமை இசக்கி "ஐ அம் வான்டிங்" என்று சொல்லி எழுந்து நின்றாள். அதற்குப் பிறகு மற்ற ஐந்து பேரும் ஒரு தப்புக்கூடச் செய்யவில்லை. மேனேஜர் வருகிறார் அல்லவா, எல்லாரும் வாயை அளந்து அளந்து திறந்தார்கள். திங்கள், செவ்வாய், புதன், வியாழன், நாலு நாளும் அவள் நின்றாள். லைனில் எட்டு மணி நேரம், இங்கே ஒன்றரை மணி நேரம். வியாழக்கிழமை அவள் செருப்பு வார் காலில் பதிந்து கிடந்ததைப் பார்த்தேன். சாரிடம் சொன்னேன், நாளைக்குப் பெரிய மனுஷன் வரான், அந்தப் பொண்ணை உட்கார வெச்சிடுங்க சார் என்று. "ரூல் யாருக்காகவும் மாறாது கோவிந்தா. மேனேஜருக்கும் தெரியட்டும், இங்க எப்படி டிசிப்ளின்னு" என்றார்.

வெள்ளிக்கிழமை மேனேஜர் வந்தார், கூட ஹெச்.ஆர். ஆபீசர் ஒருவர். மேனேஜர் எந்த நாடு என்று சொல்ல வேண்டாம். நல்ல மனிதர், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். இங்கிலீஷ் அவருக்கும் சொந்த பாஷை இல்லை, நம்மைப்போலத் தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டதுதான். திரையை அன்றைக்குச் சுருட்டிக் கட்டியிருந்ததால் எனக்கு எல்லாம் தெரிந்தது. ஐந்து பேரிடமும் ஆளுக்கு ரெண்டு கேள்வி கேட்டார். கடைசியில், நின்றுகொண்டிருந்த இசக்கியிடம் வந்தார். முகம் முழுக்கச் சிரிப்பு. அவளை ஏற்கெனவே லைனில் பார்த்திருக்கிறார். "ஆ, ஐ அம் நோயிங் யூ" என்றார்.

இசக்கி உட்கார்ந்துவிட்டாள்.

அவள் உட்காரவில்லை, அவள் கால் உட்கார்ந்தது. நாலு நாளாக அந்த ஒரு சத்தத்துக்காகக் காத்திருந்த கால். அப்பாடா என்று ஒரு பெருமூச்சும் வந்தது. மற்ற ஐந்து பேரும் பொத்துக்கொண்டு சிரித்தார்கள். மேனேஜர் நின்றுகொண்டிருக்கிறார், தொழிலாளி உட்கார்ந்திருக்கிறாள், சுற்றிலும் சிரிப்பு. அவர் முகம் காதுவரை சிவந்தது. தன்னைத்தான் கேலி செய்கிறார்கள் என்பது மட்டும் புரிந்தது. ஏன் என்று புரியவில்லை. இசக்கி எழுந்துவிட்டாள். எது சரி, எது தப்பு என்று பயந்து பயந்து அவளுக்கு வாயே கட்டிப்போயிருந்தது. மேனேஜர் சாரைப் பார்த்து, என்ன இது என்று கேட்டார்.

உண்மையைச் சொன்னால் போதும். சார், யாராவது தப்பா சொன்னா நிற்கிறவங்க உட்காரலாம்னு இங்கே ஒரு வழக்கம், நீங்க தப்பா சொன்னீங்க, அவ உட்கார்ந்துட்டா. அந்த மனிதர் விழுந்து விழுந்து சிரித்திருப்பார். ஆனால் மேனேஜர் தப்பு என்று ஞானராஜ் சார் வாயால் சொல்ல வேண்டும். நாலு நாளாக ஒரு பெண்ணை நிற்க வைத்தேன் என்றும் சொல்ல வேண்டும். சார் மேனேஜர் பக்கம் திரும்பி, "சாரி சார். ஷி இஸ் ஹேவிங் நோ டிசிப்ளின்" என்றார்.

ஹேவிங். அவர் வாயாலேயே. அந்த அறையில் ஒருத்தரும் சிரிக்கவில்லை, யாரும் எழுந்து நிற்கவில்லை.

மேனேஜருக்குத் திருப்தி இல்லை. சுற்றிலும் பார்த்தார். சிரிக்காமல் வாசலில் நின்ற கிழவன் நான் ஒருவன்தான். "யூ. யூ டெல் மீ" என்றார். என்னிடம் பதில் தயாராக இருந்தது. ஏழே வார்த்தை. நோ மிஸ்டேக் சார், ஷி நோஸ் த ரூல். அவ்வளவுதான். தொண்டைவரை வந்தது. அப்போது சாரைப் பார்த்தேன். ஏழு வருஷத்தில் முதல் தடவையாக அவர் கண்ணில் கெஞ்சல். என்னிடம். கைநாட்டிடம்.

வேலை போய்விடும் என்று பயந்து வாயை மூடினேன் என்றுதான் வீட்டில் சொல்லியிருக்கிறேன். அது பொய். அந்தக் கெஞ்சல் எனக்குப் பிடித்திருந்தது. அது இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும் என்று தோன்றியது. "நோ இங்கிலீஷ் சார்" என்று கும்பிட்டேன்.

ஹெச்.ஆர். ஆபீசர் தாளில் ஒரு கோடு போட்டார். மாதக் கடைசியில் வேறொருத்தி லைன் லீடர் ஆனாள். இசக்கி நோட்டுப் புத்தகத்தை எடுத்துப் போக ஒரு மதியம் வந்தாள். உள்ளே சார் இருந்தார், தலை தூக்கவில்லை. அவள் திரும்பி வந்து என் முன்னால் நின்றாள்.

"ஒங்களுக்குத் தெரியும்லா தாத்தா."

"எனக்கு இன்னாம்மா தெரியும். நான் கைநாட்டு" என்றேன்.

அவள் என்னைத் திட்டவில்லை. "சரி தாத்தா" என்று சொல்லிப் படியிறங்கிப் போனாள். தை மாதம் அவளுடைய கல்யாணப் பத்திரிகை தபாலில் வந்தது. அவளுடைய அப்பா அனுப்பியது. மகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்த வாத்தியார் என்று மரியாதையாக எழுதியிருந்தாராம். சார்தான் படித்துக் காட்டினார். மாப்பிள்ளை தாய்மாமன்தான். படித்துவிட்டு கரண்ட் பில் மாட்டுகிற ஆணியில் குத்தி வைத்தார். அவர் போகவில்லை. நானும் போகவில்லை. அதற்குப் பிறகு அவளைப் பற்றி ஒரு தகவலும் எனக்கு வந்ததில்லை. விசாரிக்கவும் இல்லை.

இதை ஏன் புத்தகத்தில் சொல்கிறாய் என்று கேட்பீர்கள். சார் போனதும் நம் ஆட்கள் போனில் போட்ட குரல்பதிவை எல்லாம் கேட்டேன். கண்டிப்பானவர், ஆனால் தங்கமானவர் என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள். அவரால்தான் நிமிர்ந்தேன் என்று ஒருவன் அழுகிறான். நிமிர்ந்தவர்கள்தான் குரல் அனுப்புகிறார்கள். இசக்கி அனுப்பவில்லை.

போன வருஷம் சாருக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கமும் வாயும் போய்விட்டது. காது கேட்கும், கண் தெரியும், பேச்சு இல்லை. மதிய நேரத்தில் போய்க் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு வருவேன். அவருடைய மகளுக்கு என்மேல் நல்ல மதிப்பு, அப்பாவை மறக்காத மனுஷன் என்று. நான் போனது எதற்கென்று அவளுக்குத் தெரியாது. அவள் டீ போட உள்ளே போனதும் நான் அவர் காதருகே குனிந்துகொள்வேன். "ஐ அம் நோயிங் சார்" என்பேன். "ஐ அம் ஹேவிங் சார். ஐ அம் லவிங் சார்." மெதுவாக, ஒவ்வொன்றாக, நடுவில் இடைவெளி விட்டு. அவர் புருவம் நெரியும், இடது கை போர்வையைப் பிடிக்கும். திருத்த முடியாது. கடைசியில் அவருடைய வார்த்தையை அவருக்கே சொல்வேன்: "ஷி இஸ் ஹேவிங் நோ டிசிப்ளின்." அதற்கு மட்டும் கண்ணை மூடிக்கொள்வார். ஓரத்தில் தண்ணீர் வழியும். மகள் வந்து, "உங்களைப் பாத்தாதான் அப்பா அழறாரு, அவ்ளோ பாசம்" என்பாள். துடைத்துவிடுவாள். நான் டீயைக் குடிப்பேன். இப்படி எட்டு தடவை போனேன். ஒன்பதாவது தடவை போவதற்குள் அவர் போய்விட்டார்.

அடக்கம் முடிந்த பிறகு, மாடியைக் காலி செய்கிறோம், அப்பா ஞாபகமாக எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள் என்று மகள் சொன்னாள். ஒருவன் டிக்‌ஷனரியை எடுத்தான். ஒருவன் போட்டோவை எடுத்தான். நான் ஒரு நாற்காலியை எடுத்துக்கொண்டேன். அதைப் பற்றிச் சொல்லி முடித்துவிடுகிறேன்.

மேனேஜர் வந்துபோன வெள்ளிக்கிழமைக்கு அடுத்த திங்கட்கிழமை நான் படியேறி வந்தபோது என் ஸ்டூலைக் காணோம். அந்த இடத்தில் மெத்தை வைத்த, கை வைத்த, சுழலுகிற நாற்காலி இருந்தது. சார் உட்காருகிற நாற்காலி. உள்ளே அவர் பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்திருந்தார். நிமிர்ந்து பார்க்காமல், "முதுகு வலிக்குதுன்னு சொன்னியே" என்றார். நான் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. அதற்குப் பிறகு அவர் என்னை உள்ளே கூப்பிட்டு ஒரு வார்த்தைகூடச் சொல்லச் சொன்னதில்லை. உள்ளே ஆட்கள் நின்றுகொண்டுதான் இருந்தார்கள். வெளியே நான் நாலு வருஷம் அதில் உட்கார்ந்திருந்தேன்.

வடக்குப்பட்டுக்கு ஷேர் ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்து வீட்டு முன்னறையில் போட்டிருக்கிறேன். மெத்தை கொஞ்சம் கிழிந்திருக்கிறது, மருமகள் துணி தைத்துப் போட்டாள். அதில் உட்கார்ந்துதான் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். முதுகுக்குச் சுகமாகத்தான் இருக்கிறது.